கோடை விடுமுறையும் கள்ளிக்கோட்டைக் கடலும்

 

போத்தனூரிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கின்றார். நான்கு பக்கங்கள். மூன்றரைப் பக்கங்கள் நலம் விசாரிப்பிலும், சென்ற இதழில் நான் எழுதியவற்றில் அவர் கண்ட குறைகளிலும் கழிந்துவிட, எஞ்சிய அரைப் பக்கத்தில்தான் செய்தி இருக்கின்றது. அதனை அவருடைய சொற்களிலேயே தருகின்றேன்:

"பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியப் போகின்றது. கடலைப் பார்க்க வேண்டும் என்று சின்னவன் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றான். என் மாமியாருக்கு வயது 71. அவர்களும் இன்று வரை கடலைப் பார்த்ததில்லை. ஆனால் வாய் திறந்து கேட்க மாட்டார்கள். ஊர் சுற்றுவது வீண் செலவு, அந்தப் பணத்தை மகள் கல்யாணத்துக்குச் சேர்த்து வைக்கலாம் என்கின்றார் என் கணவர். நீங்கள் ஒரு நல்ல வார்த்தை எழுத வேண்டும்."

நல்ல வார்த்தை என்று அவர் கேட்பது தம் பக்கத்துக்கு ஆதரவான வார்த்தையைத்தான் என்பது எனக்குப் புரியாமலில்லை. அவருடைய கணவரும் இந்த இதழைப் படிக்கக்கூடியவர்தாம். எனவே இருவருக்கும் சேர்த்தே எழுதுகின்றேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கொங்கு நாட்டில் வாழும் நமக்கு விடுமுறை என்றால் மலைதான் நினைவுக்கு வரும். வெயில் ஏறியதும் உதகை, கொடைக்கானல், வால்பாறை என்று மேலே ஏறிவிடுவோம். வசதி குறைந்தவர்கள் ஒரு பகலுக்கு ஆழியாறு அணைக்கோ மருதமலை அடிவாரத்துக்கோ போய்வருவார்கள். கடல் நம் கணக்கிலேயே இருப்பதில்லை. சென்னையில் ஒரு திருமணம், நாகூரில் ஒரு நேர்ச்சை என்று ஏதேனும் காரணம் வந்தால் தவிர, கடலைத் தேடி எவரும் புறப்படுவதில்லை. கடல் என்றாலே அது கிழக்கே, ஓர் இரவு முழுவதும் பயணம் செய்து அடைய வேண்டிய தொலைவில் இருப்பதாக நம் மனத்தில் பதிந்துவிட்டது.

உண்மை என்ன? கோவைக்கு மிக அண்மையிலுள்ள கடல் மேற்கே இருக்கின்றது. நேர்கோட்டில் அளந்தால் பொன்னானிக் கரை ஏறக்குறைய 120 கிலோ மீட்டர்தான். வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் சுவர்போல் நிற்க, நடுவே சுமார் 30 கிலோ மீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கின்றது பாலக்காட்டுக் கணவாய். ஆனி, ஆடி மாதங்களில் நம் வீட்டு முற்றத்தில் காயப்போட்ட துணியைப் பறித்துக்கொண்டு போகின்றதே, அந்தக் காற்று அரபிக் கடலிலிருந்து இந்த வாசல் வழியாகத்தான் வருகின்றது. நாம் கடலைத் தேடிப் போகாவிட்டாலும், ஆண்டுதோறும் கடல் தன் காற்றை நம் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டுதான் இருக்கின்றது. நொய்யலும் பவானியும் கிழக்கே ஓடுவதால் எல்லா நீரும் கிழக்கே போவதாக நினைக்கின்றோம். பொள்ளாச்சிப் பக்கத்து ஆழியாறோ மேற்கே திரும்பி, பாரதப்புழையோடு கலந்து, பொன்னானியில் கடலைச் சேர்கின்றது.

போத்தனூர்ச் சகோதரிக்குத் தனியாக ஒரு செய்தி. கேரளத்தின் முதல் ரயில் 1861ஆம் ஆண்டில் திரூருக்கும் பேப்பூருக்கும் இடையே ஓடியது. அடுத்த ஆண்டே, 1862இல், அந்தப் பாதை உங்கள் போத்தனூர் வழியாகச் சென்னைப் பாதையோடு இணைக்கப்பட்டது. கோவை நகரத்துக்கு ரயில் வந்தது 1873இல்தான். கோவைக்காரர்கள் ரயிலைப் பார்ப்பதற்கு 11 ஆண்டுகள் முன்பே, உங்கள் ஊரில் ஏறினால் கடற்கரையில் இறங்கலாம் என்ற நிலை இருந்தது. இவ்வளவு இருந்தும் உங்கள் வீட்டில் 71 வயதுப் பெண்மணி ஒருவர் கடலைப் பார்க்கவில்லை என்றால், குறை தொலைவில் இல்லை.

ஆகவே நான் சொல்லும் ஊர் கோழிக்கோடு. நம் முன்னோர் வைத்த பெயரில் சொன்னால் கள்ளிக்கோட்டை. கோவையிலிருந்தோ போத்தனூரிலிருந்தோ ரயிலில் ஏறினால் நான்கு அல்லது ஐந்து மணி நேரத்தில் போய்ச் சேரலாம். காலையில் ஏறிப் பகலில் பயணம் செய்யுங்கள். இரவு வண்டியில் போனால் பாதி இன்பம் போய்விடும். வாளையாறு தாண்டியதும் காடு வரும். பாலக்காட்டில் ஹைதர் அலி 1766இல் கட்டிய கோட்டை இருக்கின்றது, ரயிலிலிருந்து தெரியாது என்றாலும் பிள்ளைகளிடம் சொல்லிவைக்கலாம். பட்டாம்பிக்கும் குற்றிப்புரத்துக்கும் இடையே இடப்புறச் சன்னலில் பாரதப்புழை கூடவே வரும். "இது நம் ஆழியாற்று நீரும் கலந்த ஆறு" என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் சன்னலை விட்டு நகர மாட்டார்கள். கோழிக்கோட்டுக்குச் சற்று முன்னதாக பெரோக் என்று ஒரு நிலையம். திப்பு சுல்தான் அங்கே ஒரு தலைநகரம் அமைக்க எண்ணி, பரூக்காபாத் என்று பெயரிட்டார். தலைநகரம் அமையவில்லை. பெயர் மட்டும் தேய்ந்து, ரயில் நிலையப் பலகையில் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. அங்கே 1948இல் தொடங்கப்பட்ட பரூக் கல்லூரியில் தலைமுறை தலைமுறையாக மலபார் முஸ்லிம் பிள்ளைகள் கற்று வருகின்றார்கள்.

அங்கே போய் எதைப் பார்ப்பது? அலையும் மணலும் எல்லாக் கடற்கரையிலும் இருக்கின்றனவே என்று கேட்கலாம். கடற்கரை மாலையில் போதும். பகலில் குற்றிச்சிறைக்குப் போங்கள்.

குற்றிச்சிறை என்பது ஒரு பெரிய குளமும், அதனைச் சுற்றியுள்ள வீடுகளும் பள்ளிவாசல்களும். குளக்கரையில் நிற்கின்றது மிஷ்கால் பள்ளி. நம் ஊர்ப் பிள்ளைகள் அதைப் பார்த்தவுடன் "இதுவா பள்ளிவாசல்?" என்றுதான் கேட்பார்கள். மினாரா இல்லை, குப்பா இல்லை. அடுக்கடுக்காக மேலே குறுகிச் செல்லும் ஓட்டுக் கூரைகள், செதுக்கிய மரத் தூண்கள், மரக் கதவுகள். மலையாள நாட்டு மழைக்கு ஏற்ப, மலையாள நாட்டுத் தச்சர்களின் முறையில் எழுந்த கட்டடம். கட்டியவர் நாகுதா மிஷ்கால் என்னும் பெரும் கப்பல் வணிகர். 14ஆம் நூற்றாண்டில் இவ்வூருக்கு வந்த இப்னு பதூதா, சீனத்துக்கும் ஏமனுக்கும் பாரசீகத்துக்கும் கப்பல் அனுப்பும் மிஷ்காலின் செல்வத்தைத் தம் பயண நூலில் குறிப்பிடுகின்றார்.

இப்னு பதூதாவின் கதையைப் பிள்ளைகளுக்கு அந்தக் குளக்கரையிலேயே சொல்லுங்கள். தில்லி சுல்தான் முஹம்மது பின் துக்ளக், சீன அரசருக்குப் பரிசுகளோடு அவரைத் தூது அனுப்பினார். 1342 வாக்கில் கள்ளிக்கோட்டைத் துறைமுகத்தில் 13 சீனக் கப்பல்கள் நின்றிருந்தன. அவற்றின் பயணப் பருவம் வரும் வரை மூன்று மாதங்கள் காத்திருந்தார். பொருள்களெல்லாம் ஏற்றப்பட்டன. ஜும்ஆத் தொழுகைக்காக அவர் மட்டும் கரையில் தங்கினார். புயல் வந்து, சுல்தானின் பரிசுகளை ஏற்றிய பெருங்கப்பலை உடைத்தெறிந்தது. அவருடைய சொந்தப் பொருள்கள் இருந்த மற்றொரு கப்பல் அவரை விட்டுவிட்டுக் கடலுக்குள் போய்விட்டது. கையில் 10 தீனாரும் படுக்க ஒரு விரிப்பும் மட்டுமே மிஞ்சின. உலகம் சுற்றிய அந்த மனிதர் இதே கரையில் வெறுங்கையோடு நின்றார் என்று கேட்கும்போது, பள்ளிக்கூடப் புத்தகத்தில் இரண்டு வரியாகப் படித்த பெயருக்கு உயிர் வந்துவிடுமல்லவா?

மிஷ்கால் பள்ளிக்கும் ஒரு தழும்பு உண்டு. 1510ஆம் ஆண்டு ஜனவரியில் போர்த்துக்கீசியர் அல்புகர்க்கின் தலைமையில் நகரத்தைத் தாக்கி, இப்பள்ளிக்குத் தீ வைத்தார்கள். சாமூதிரியின் நாயர் வீரர்கள் திருப்பித் தாக்கியதில், போர்த்துக்கீசியத் தளபதிகளில் ஒருவரான கூட்டின்யோ அங்கேயே மாண்டார், அல்புகர்க் காயத்தோடு தப்பினார். பின்னர் 1571இல் சாமூதிரியின் படை, அருகிலுள்ள சாலியத்தில் போர்த்துக்கீசியர் கட்டியிருந்த கோட்டையைப் பிடித்துத் தரைமட்டமாக்கியது. அந்தக் கோட்டையின் மரங்களைக் கொண்டே எரிந்த பள்ளியைச் செப்பனிட்டார்கள் என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்லும் செய்தி.

அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் முச்சுந்திப் பள்ளி. என்னைக் கேட்டால், மிஷ்கால் பள்ளியைவிட இதுதான் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம். உள்ளே ஒரு கல்வெட்டு இருக்கின்றது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒரே கல்லில் ஒரு பகுதி அரபியிலும் மற்றொரு பகுதி வட்டெழுத்திலும் பொறிக்கப்பட்டுள்ளது. வட்டெழுத்து நம் பாண்டிய நாட்டுக் கல்வெட்டுகளிலும் காணப்படும் பழைய எழுத்து. அதில் எழுதியிருப்பது என்ன? இப்பள்ளியின் அன்றாடச் செலவுக்காக, நாடாண்ட இந்து மன்னர் மானியம் விட்டிருக்கும் செய்தி. வெளிநாட்டிலிருந்து வந்த வணிகரின் வழிபாட்டுத் தலத்துக்கு உள்நாட்டு அரசன் கொடுத்த உறுதிமொழியை, இரு தரப்பாரும் படித்துக்கொள்ளும்படி இரண்டு எழுத்துகளில் வெட்டி வைத்திருக்கின்றார்கள்.

இதனை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1997 நவம்பரிலும் 1998 பிப்ரவரியிலும் நம் கோவை கண்ட துயரத்தை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. இரு தரப்பிலும் எத்தனையோ வீடுகளில் விளக்கு அணைந்தது. அந்த நாள்களில் கைக்குழந்தைகளாக இருந்தவர்கள் இன்று தாமே பெற்றோர்களாகிவிட்டார்கள். "வெளியே போகாதே, நம் தெருவைத் தாண்டாதே, அந்தப் பக்கம் நமக்கு வேண்டாம்" என்ற சொற்களைக் கேட்டே வளர்ந்த தலைமுறை அது. அச்சத்தில் சொல்லப்பட்ட சொல்தான், அன்று அதற்குக் காரணம் இருந்தது. ஆனால் அதே சொல்லை அடுத்த தலைமுறைக்கும் சொத்துப்போல் எழுதிவைக்க வேண்டுமா? எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே இருவர் ஓர் ஊரில் எப்படிச் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பதற்குக் கல்லில் சான்று இருக்கின்றது. அதனை நம் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும்.

கள்ளிக்கோட்டை ஒரு குறையும் அற்ற ஊர் என்று நான் சொல்லவரவில்லை. அதே நகரத்தின் மாராடு கடற்கரையில் 2002லும் 2003லும் மூண்ட மோதல்கள் மீனவக் குடும்பங்களின் உயிர்களைக் குடித்தன. பழைய கல்வெட்டு தானாக ஒரு ஊரைக் காப்பாற்றிவிடாது. ஒவ்வொரு தலைமுறையும் அதனை மீண்டும் படிக்க வேண்டியிருக்கின்றது.

இன்னொரு செய்தி நம் கொங்கு நாட்டுக்கே உரியது. போத்தனூருக்கு அடுத்த வெள்ளலூரில் 19ஆம் நூற்றாண்டில் ரோமானிய நாணயங்கள் குவியலாகக் கிடைத்தன. ரோம நாட்டுக் காசுக்கு வெள்ளலூரில் என்ன வேலை? மேற்குக் கரையில் முசிறித் துறைமுகத்தில் இறங்கிய பொன், பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டுக்குள் வந்தது. சென்னிமலை அருகேயுள்ள கொடுமணலில் பட்டை தீட்டப்பட்ட மணிக்கற்கள் இதே வழியாகக் கடலுக்குப் போயின. கோவையும் திருப்பூரும் ஈரோடும் நூலும் துணியுமாக வாழ்கின்றனவே, அந்தப் பருத்தித் துணிக்கும் இக்கடலோடு உறவு உண்டு. கள்ளிக்கோட்டையிலிருந்து ஏற்றுமதியான துணிக்கு ஐரோப்பியர்கள் அந்த ஊரின் பெயரையே வைத்தார்கள். கணக்குப் புத்தகத்துக்குக் கேலிகோ அட்டை போடச் சொல்கின்றோமே, அந்தக் கேலிகோவுக்குள் கள்ளிக்கோட்டை ஒளிந்திருக்கின்றது. மில்லிலும் பனியன் கம்பெனியிலும் வேலை செய்யும் நம் வீட்டு இளைஞர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

வாஸ்கோடகாமா 1498 மே மாதத்தில் வந்திறங்கியதாகச் சொல்லப்படும் காப்பாடு கடற்கரை வடக்கே இருக்கின்றது. அங்கே ஒரு நினைவுத் தூண் உண்டு. நேரம் இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் பெரிய இழப்பில்லை. அந்த மனிதர் "கண்டுபிடிப்பதற்கு" முன்னரே இங்கே அரபியரும் சீனரும் குஜராத்தியரும் கடை விரித்திருந்தார்கள். காமா கரைக்கு அனுப்பிய முதல் ஆளை எதிர்கொண்டு ஸ்பானிய மொழியிலேயே பேசியவர்கள், துனிசியா நாட்டு முஸ்லிம்கள். எவராலும் அறியப்படாத ஊரில் அப்படி இரண்டு பேர் எப்படி நின்றிருப்பார்கள்?

அதைவிட, வடகரைக்கு அருகே இரிங்கலில் குஞ்ஞாலி மரக்காயர் நினைவிடத்தைப் பாருங்கள். சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களாக நால்வர், ஒருவர் பின் ஒருவராக, ஒரு நூற்றாண்டு போர்த்துக்கீசியரைக் கடலில் எதிர்த்தார்கள். நான்காமவருக்கும் மன்னருக்கும் இடையே பகை மூண்டு, மன்னரே போர்த்துக்கீசியரோடு சேர்ந்து அவரை முற்றுகையிட, 1600ஆம் ஆண்டில் சரணடைந்தவரைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். வீரக் கதையாக மட்டும் சொல்லாமல் இந்தப் பிற்பகுதியையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஒற்றுமை போனால் என்ன ஆகும் என்பதைத் தனியாக விளக்க வேண்டியிருக்காது.

பிற்பகலில் பேப்பூர். சாலியாறு கடலில் கலக்கும் இடம். உரு எனப்படும் பெரிய மரக்கப்பல்களை இன்னமும் கையால் கட்டுகின்றார்கள். காகிதத்தில் வரைபடம் இல்லாமல், மூத்த ஆசாரியின் மனக்கணக்கிலேயே முழுக் கப்பலும் எழும். வாங்குபவர்கள் பெரும்பாலும் வளைகுடா நாட்டு அரபியர்கள். கட்டி முடித்த கப்பலைக் கயிறும் கப்பியும் கொண்டு நீரில் இறக்குபவர்கள் மாப்பிள்ளைக் கலாசிகள். 1988இல் பெருமண் என்னுமிடத்தில் ரயில் பெட்டிகள் ஏரியில் விழுந்தபோது, அவற்றை இழுத்துக் கரைசேர்க்க இந்தக் கலாசிகளைத்தான் அழைத்தார்கள். தமிழிலும் பலர் விரும்பிப் படிக்கும் வைக்கம் முஹம்மது பஷீர் தம் கடைசிக் காலம் வரை, 1994இல் மறையும் வரை, பேப்பூரில்தான் வாழ்ந்தார். வீட்டு முற்றத்து மங்குஸ்தான் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாராம். கோழிக்கோட்டை 2023இல் யுனெஸ்கோ இலக்கிய நகரமாக அறிவித்தபோது எனக்கு முதலில் அந்த நாற்காலிதான் நினைவுக்கு வந்தது.

உணவைப் பற்றி எழுதாவிட்டால் இந்த இதழின் சகோதரிகள் என்னை மன்னிக்க மாட்டார்கள். மிட்டாய்த் தெருவில் அல்வாக் கடைகள் வண்ண வண்ணமாக அடுக்கி வைத்திருப்பார்கள். தேங்காய் எண்ணெயில் பொரித்த நேந்திரங்காய் வறுவல், சிறிய மணி அரிசியில் செய்யும் பிரியாணி, அரிசிப் பத்திரி, நேந்திரம் பழத்தில் பூரணம் வைத்த உன்னக்காய், அடுக்குகளாக வேகவைத்த சட்டிப் பத்திரி, எலுமிச்சை பிழிந்த சுலைமானித் தேநீர். சர்க்கரை நோய் உள்ளவர்களை அல்வாத் தெருவுக்கு அழைத்துச் செல்வது பாவம். ஒரு துண்டு போதும், பையில் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். பெண்களுக்கு மற்றொரு வியப்பும் காத்திருக்கின்றது. குற்றிச்சிறையின் பழைய கோயா குடும்பங்களில் பெண் திருமணமாகிப் புகுந்த வீடு போவதில்லை. கணவர்தாம் மனைவியின் தறவாட்டுக்கு வந்து தங்குவார். இதனை மாமியாரும் மருமகளும் ஒன்றாக அமர்ந்து கேட்க வேண்டும். என்ன பேசிக்கொள்வார்கள் என்பதை நான் ஊகிக்கப் போவதில்லை.

சில எச்சரிக்கைகள். ஜூன் மாதம் மழை இறங்கிவிடும், கடல் சீறும். மீன்பிடி விசைப்படகுகளுக்கே ஜூன் ஒன்பதாம் நாள் நள்ளிரவு முதல் ஜூலை இறுதி வரை தடை உண்டு. ஆகவே ஏப்ரலில், அல்லது மே முதல் பாதிக்குள் போய்வந்துவிடுங்கள். புழுக்கம் இருக்கும், குழந்தைகளுக்குப் பருத்தி ஆடை போதும். பழைய பள்ளிகளின் உள்ளே பொதுவாகப் பெண்களுக்கு இடமிருப்பதில்லை. முன்கூட்டியே அறிந்து வைத்தால் வாசலில் நின்று வருந்த வேண்டியிராது. மிஷ்கால் பள்ளியின் அழகு குளக்கரையிலிருந்து பார்க்கும்போதுதான் முழுமையாகத் தெரியும். அலையில் பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். ஏரியிலும் வாய்க்காலிலும் நீந்தத் தெரிந்த நம் ஊர்ப் பையன்களுக்குக் கடலும் அப்படித்தான் என்ற துணிச்சல் வந்துவிடும். கடல் காலடி மணலை உள்ளே இழுக்கும், ஏரி இழுக்காது. ஆட்டோக்காரர்களைப் பற்றி அஞ்ச வேண்டாம். மீதிச் சில்லறையைக் கணக்காகத் திருப்பித் தருபவர்கள் என்று அவ்வூர் ஆட்டோக்காரர்களுக்கு நெடுங்காலமாக நல்ல பெயர் இருக்கின்றது.

இனிச் சகோதரியின் கணவருக்கு. தங்கள் கவலை நியாயமானது. வீண் விரயத்தை நம் மார்க்கம் வெறுக்கின்றது. மகளின் திருமணத்துக்குச் சேர்ப்பதும் கடமைதான். ஆனால் சாதாரண வகுப்பு ரயில் கட்டணம், ஓர் இரவு எளிய விடுதி, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகும் ஒரு வேளைச் சோறு, இவற்றைக் கூட்டிப் பாருங்கள். பிறகு அதே திருமணத்தன்று மண்டபத்து வாசலில் எரியப்போகும் சீரியல் விளக்குகளுக்கும் வீடியோக்காரருக்கும் ஆகும் தொகையை விசாரித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். எது விரயம் என்று நான் சொல்ல மாட்டேன். கூட்டல் கழித்தல் தாங்கள் அறிந்ததே.

தங்கள் தாயாரைப் பற்றி மட்டும் ஒரு சொல். எங்கள் நன்னி, என் தாயாரைப் பெற்றவர்கள், முதன்முதலாகக் கடலைப் பார்த்தது ஹஜ்ஜுக்குப் பம்பாயில் கப்பலேறியபோதுதான். கரை மறையும் வரை தட்டிலேயே நின்றதாகச் சொல்வார்கள். 1995ஆம் ஆண்டோடு அந்தக் கப்பல் பயணமும் நின்றுவிட்டது. இன்று ஹாஜிகள் அரபிக் கடலை மேகத்துக்கு மேலேயே கடந்துவிடுகின்றார்கள். என் தாயாருக்கு அந்த வாய்ப்பு இல்லை. "கோழிக்கோட்டுக் கடலை ஒரு தடவை பார்க்கணும்" என்று ஒரே ஒரு முறை கேட்டார்கள். கடைக் கணக்கு முடியட்டும் என்றேன். பிறகு தங்கையின் திருமணம், பிறகு ரமலான், பிறகு மழை. எட்டு ஆண்டுகள் கழித்து அழைத்துச் சென்றபோது, அவர்களுக்கு முழங்கால் போய்விட்டது. மணலில் இறங்க முடியவில்லை. கடற்கரைச் சாலையோரத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார்கள். "கொஞ்சம் தண்ணி கொண்டு வா" என்றார்கள். டிபன் கேரியரின் மூடியில் அள்ளிக்கொண்டு வந்தேன். விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்புத்தான், பொய் சொல்லலை" என்று சிரித்தார்கள்.

சிரித்தது அவர்கள். மூடியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தங்கள் தாயாருக்கு வயது 71. இன்னமும் நடக்கின்றார்கள் என்று தங்கள் மனைவியின் கடிதத்தில் இருக்கின்றது. ரயிலில் அந்த இடப்புறச் சன்னலை அவர்களுக்கே கொடுங்கள், சின்னவன் மடியில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வான். மாலை அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுங்கள். பழைய கடற்பாலத்தின் இற்றுப்போன தூண்கள் நீரில் நின்றுகொண்டிருக்கும் இடத்துக்கு அருகே உட்காரலாம். சென்னையிலும் நாகூரிலும் சூரியன் கடலிலிருந்து எழும், இங்கே கடலுக்குள் இறங்கும். அது முழுவதுமாக மறைந்த பிறகு மஃரிபுக்கு எழுந்தால் போதும்.

போத்தனூர்ச் சகோதரிக்கு: கடலைப் பார்த்ததும் உங்கள் மாமியார் சொன்ன முதல் வார்த்தை என்ன என்பதை எனக்கு எழுதுங்கள். இந்த முறை அதற்கு அரைப் பக்கம் போதாது.